கோயிலில் தமிழ், வீட்டில் மலாய்: மலாக்கா செட்டிகள் பற்றிய ஒரு நிகழ்வு ஆய்வு

மலாக்கா நகரின் நடுவிலிருந்து காஜா பேராங் சாலையில் கொஞ்ச தூரம் போனால் கம்போங் செட்டி வரும். கம்போங் என்றால் மலாயில் கிராமம். உள்ளே போனதும் வீட்டு நிலைகளில் காய்ந்துபோன மாவிலைத் தோரணங்கள். ஒரு வாசலில் வயதான அம்மா ஒருவர் நின்றிருந்தார். நெற்றியில் திருநீறு, கழுத்தில் தாலி, உடுத்தியிருந்தது மலாய்ப் பெண்கள் அணியும் கெபாயா மேலாடையும் சாரோங்கும்.

நான் தோட்டப்புறத்தில் பிறந்து தமிழ்ப்பள்ளியில் படித்தவன். தாலியைப் பார்த்ததும் வாய் தானாகத் தமிழுக்குப் போய்விட்டது. "பாட்டி, மாரியம்மன் கோயிலுக்கு எந்தப் பக்கம் போகணும்?" என்று கேட்டேன். அவர் சிரித்தபடி மலாயில் வழி சொன்னார், தனக்குத் தமிழ் தெரியாது என்றும் சொன்னார். நான் விடவில்லை. "இந்துவா இருந்துகிட்டு ஏன் மாக்சிக் தமிழ் பேசுறதில்ல?" என்று மலாயிலேயே கேட்டேன். மாக்சிக் என்பது வயதில் மூத்த பெண்களை மலாயில் மரியாதையாக அழைக்கும் சொல். அவர் கோபப்படவில்லை. "எங்க பாட்டி இப்படித்தான் பேசினாங்க. அவங்க பாட்டியும் இப்படித்தான்" என்று மட்டும் சொன்னார்.

அந்தக் கேள்வி இன்னும் என்னை உறுத்துகிறது. அவர் குடும்பம் இந்த மண்ணில் வேர்விட்டுப் பல நூற்றாண்டுகள் கழித்துத்தான் என் கொள்ளுத்தாத்தா ரப்பர் பால்மரம் சீவக் கப்பல் ஏறினார். அப்படியிருந்தும், யார் நம்மவர், யார் இல்லை என்று தீர்ப்புச் சொல்லும் இடத்தில் நான் போய் உட்கார்ந்துகொண்டேன். பல இனங்கள் சேர்ந்து வாழும் நாட்டில் ஒரு சிறு சமூகம் தன் இடத்தை எப்படித் தேடிக்கொள்கிறது, சுற்றியிருக்கும் பெரிய சமூகங்களும் அரசும் அதை எப்படி எளிதாக்குகின்றன அல்லது கடினமாக்குகின்றன என்று பார்க்க மலாக்கா செட்டிகளைவிடத் தெளிவான நிகழ்வு எனக்குத் தெரிந்து மலேசியாவில் இல்லை.

யார் இந்தச் செட்டிகள்

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். செட்டி என்றதும் நம் நினைவுக்கு வருவது நாட்டுக்கோட்டை நகரத்தார். அவர்கள் 19ஆம் நூற்றாண்டில், ஆங்கிலேயர் காலத்தில், வட்டித் தொழிலுக்காக மலாயா வந்தவர்கள். மலாக்கா செட்டிகளின் கதை அதற்கு ஏறத்தாழ 400 ஆண்டுகள் முந்தியது. 1400ஐ ஒட்டிப் பரமேஸ்வரா மலாக்காவை நிறுவிய பின், சோழமண்டலக் கரையிலிருந்து துணியும் பிற சரக்கும் கொண்டுவந்த வணிகர்கள்தான் அவர்களுடைய முன்னோர்.

அந்தத் துறைமுகம் எப்படி இயங்கியது என்பதைப் புரிந்துகொண்டால் பாதிக் கதை விளங்கிவிடும். பாய்மரக் கப்பல் காற்றை நம்பிய கப்பல். ஒரு பருவக்காற்றில் வந்தவர் திரும்பிப் போக இன்னொரு பருவக்காற்றுக்காகக் காத்திருக்க வேண்டும். அதனால் வணிகர்கள் மாதக்கணக்கில் கரையிலேயே தங்கினார்கள். மேற்கே குஜராத், கிழக்கே சீனம், தெற்கே சாவகம், அதாவது ஜாவா என்று எல்லாத் திசைக் கப்பல்களும் அங்கே கூடின. போர்த்துக்கீசியர் பிடித்த பிறகு அங்கு வந்திருந்த தோமே பிரேஸ் என்பவர், மலாக்காவில் 84 மொழிகள் பேசப்பட்டதாக எழுதிவைத்திருக்கிறார். சுல்தான்கள் காலத்தில் துறைமுகத்துக்கு நான்கு ஷாபண்டார்கள், அதாவது துறைமுக அதிகாரிகள் இருந்தார்கள். குஜராத்தியருக்கு ஒருவர், சீனத் திசைக் கப்பல்களுக்கு ஒருவர், சாவகம் முதலிய தீவுகளுக்கு ஒருவர், நம் கரையிலிருந்தும் வங்காளம், பர்மாவின் பெகு முதலிய இடங்களிலிருந்தும் வந்தவர்களுக்கு ஒருவர். வெளியூர்க்காரர்களும் ஊரின் அங்கம் என்று எடுத்துக்கொண்டு ஏற்பாடு செய்த நகரம் அது.

நம் பக்கத்துப் பெண்கள் அந்தக் காலத்தில் கடல் தாண்டி வருவது அரிது. தங்கிப்போன வணிகர்கள் உள்ளூர்ப் பெண்களை மணந்தார்கள். பிள்ளைகளுக்கு மொழி தாயிடமிருந்து வந்தது, சாமி தகப்பனிடமிருந்து வந்தது. தாயின் அடுப்பில் பெலாச்சான் என்ற இறால் விழுதும் எலுமிச்சைப் புல்லும் இருந்தன. தகப்பனின் மாடத்தில் விநாயகரும் மாரியம்மனும் இருந்தார்கள். ஒன்று இன்னொன்றை விழுங்கவில்லை, தலைமுறை தலைமுறையாகப் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தே வந்தன.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். அதே காலத்தில் தமிழ் முஸ்லிம் வணிகர்களும் மலாக்காவில் குடியேறி, அங்கேயே மணம் செய்துகொண்டு, அரசவை வரை உயர்ந்தார்கள். சுல்தானின் முதலமைச்சராக, அதாவது பெண்டகாராவாக இருந்து 1510இல் கொல்லப்பட்ட துன் முத்தாகிர் அப்படிப்பட்ட தமிழ் முஸ்லிம் வழி வந்தவர்தான். அப்படிக் கலந்தவர்களில் பலருடைய வாரிசுகள் காலப்போக்கில் மலாய்க்காரர்களாகவே ஆகிப்போனார்கள். செட்டிகள் ஆகவில்லை. கரையும் கப்பலும் ஒன்று, கலப்புமணமும் ஒன்று. சமயம் ஒன்றுதான் வேறு. நாம் மொழியை எல்லையாக நினைக்கிறோம், மலாக்காவில் எல்லைக்கோட்டைப் போட்டது சமயம். பின்னால் அரசமைப்புச் சட்டத்தைப் பார்க்கும்போது இது மறுபடி வரும்.

செல்வாக்கு வந்ததும் போனதும்

1511இல் போர்த்துக்கீசியத் தளபதி அல்புகர்க் மலாக்காவைப் பிடித்தபோது, நீனா சாத்து என்று போர்த்துக்கீசியர் எழுதிய ஓர் இந்து வணிகர் அவர்களுக்கு நெருக்கமானவராக இருந்தார். சாத்து என்பதற்குள் நம் காதுக்கு ஒரு செட்டி கேட்கிறது. அதற்குமுன் சுல்தானின் சிறையில் கிடந்த போர்த்துக்கீசியக் கைதிகளுக்கு உதவியவர் அவர். அந்த நன்றிக்காக முஸ்லிம் அல்லாதவர்களுக்குப் பெண்டகாராவாக அவரை நியமித்தார்கள். 1514இல் அந்தப் பதவியை அவரிடமிருந்து எடுத்துச் சுமத்ராவின் கம்பார் அரசரிடம் கொடுக்க முடிவு செய்தார்கள். நீனா சாத்து அந்த அவமானத்தைத் தாங்கவில்லை. வாசனைக் கட்டைகளை அடுக்கித் தீ வளர்த்து அதில் இறங்கி உயிரை விட்டார் என்று போர்த்துக்கீசியர்களே பதிவு செய்திருக்கிறார்கள்.

இந்தக் கதையைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனத்துப்போகும். ஆட்சியில் இருப்பவர் கையால் கிடைத்த இடம், அந்தக் கை திரும்பும்போது போய்விடுகிறது. பிறகு செட்டிகளின் வரலாறு பெரும்பாலும் அந்தத் திசையில்தான் போனது. போர்த்துக்கீசியர், 1641இலிருந்து டச்சுக்காரர், 1824 ஒப்பந்தத்துக்குப் பின் நிலையாக ஆங்கிலேயர் என்று ஆட்சிகள் மாறின, கடல் வணிகம் அவர்கள் கையை விட்டுப் போனது. நகரத்துக்குள் வணிகர் தெருக்களில் வாழ்ந்தவர்கள் மெல்ல மெல்லக் காஜா பேராங் பக்கம் தோட்டமும் வயலும் பார்த்துப் போனார்கள். ஆங்கிலேயர் காலத்தில் பலர் ஆங்கிலம் படித்து எழுத்தர் வேலைக்குப் போனார்கள், வேலை தேடிச் சிங்கப்பூருக்கும் கோலாலம்பூருக்கும் போனார்கள்.

எல்லாம் கைநழுவிய அந்தக் காலத்தில் ஒன்றை மட்டும் அவர்கள் நிலமாக ஆக்கிக்கொண்டார்கள். டச்சு நிர்வாகம் அப்போதைய செட்டித் தலைவருக்குக் கொடுத்த இடத்தில் 1781இல் பொய்யாத விநாயகர் கோயில் எழுந்தது. மலேசியாவில் இன்றும் வழிபாடு நடக்கும் மிகப் பழைய இந்துக் கோயில்களில் அது ஒன்று. காஜா பேராங்கில் முத்துமாரியம்மன் கோயில் 1822இல் வந்தது. காளியம்மனுக்கும் கைலாசநாதருக்கும் அங்காளம்மனுக்கும் தனித்தனிக் கோயில்கள் அதே வட்டாரத்தில் உண்டு. பொய்யாத விநாயகர் கோயிலின் நிர்வாகத்தை இப்போது நகரத்தார் பார்த்துக்கொள்கிறார்கள், அந்த இடத்தின் மேல் செட்டிகளுக்குள்ள உரிமை தொடர்கிறது.

மொழி போனபிறகும் வழிபாடு ஏன் நிலைத்தது என்பதற்கு என் பதில் இந்தக் கோயில்களில் இருக்கிறது. மொழிக்கு வீடும் சந்தையும் வேண்டும். வீட்டில் தாய் பேசியது மலாய், சந்தை முழுக்க மலாய். தமிழுக்கு அங்கே வேலை இருக்கவில்லை. சாமிக்கு நிலம் இருந்தது, திருவிழாவுக்கு நாள் இருந்தது, அதை நடத்தும் பொறுப்பு இன்னின்னாருக்கு என்று இருந்தது. ஒரு பண்பாடு மனசில் மட்டும் இருந்தால் இரண்டு தலைமுறை தாங்கும். யார் கொடி ஏற்றுவது, யார் இலை போடுவது என்று வேலையாகப் பிரிந்திருந்தால் இருபது தலைமுறைகூடத் தாங்கும் என்பதற்குச் செட்டிகள் கண்முன் இருக்கும் சான்று.

இலையில் இருப்பது

செட்டிகளைப் புரிந்துகொள்ள ஒரே ஒரு நாள் கொடுத்தால் நான் பார்ச்சு நாளைத்தான் கேட்பேன். பொங்கலுக்கு முந்தைய நாள், நாம் போகி என்று சொல்லும் நாளில், முன்னோருக்குப் படைக்கும் வழிபாடு அது. அதைப் பார்ச்சுப் பொங்கல் என்பார்கள். ஆண்டின் நடுவில் பழங்கள் விளையும் பருவத்தில் இன்னொரு பார்ச்சு உண்டு. அது பழங்களுக்கானது. பார்ச்சு என்ற சொல்லில் என் காதுக்குப் படைச்சல் கேட்கிறது. அறிஞர்கள் என்ன சொன்னாலும், இலை விரித்த விதத்தைப் பார்த்த பிறகு எனக்கு வேறு எதுவும் தோன்றவில்லை.

வாழை இலைகளை வரிசையாகப் போட்டு, இறந்துபோன தாத்தா பாட்டிகளுக்குப் பிடித்ததையெல்லாம் பரிமாறுகிறார்கள். நம் வீட்டு முன்னோர் படையலில் வடையும் பாயசமும் இருக்கும். இங்கே தேங்காய்ப்பாலில் வெந்த நாசி லெமாக் இருக்கிறது, சம்பால் இருக்கிறது, புளிப்பும் காரமுமாக மீன் பிண்டாங் இருக்கிறது, வகைவகையான மலாய்க் குவேக்கள், அதாவது பலகாரங்கள் இருக்கின்றன. சாம்பிராணிப் புகை சூழ்ந்திருக்கிறது. வீட்டின் பெரியவர் முன்னோரை அழைப்பது மலாயில். கொஞ்ச நேரம் இலைகளை முன்னோருக்கு விட்டுவிட்டு அப்புறம்தான் வீட்டார் சாப்பிடுகிறார்கள்.

இலை நம்முடையது, இலையில் இருப்பது அவர்களுடையது என்று பிரிக்கத்தான் முதலில் எனக்குத் தோன்றியது. அப்படிப் பிரிக்கும்போதே தப்பு நடக்கிறது. அந்த வீட்டுப் பாட்டிக்கு நாசி லெமாக் எங்கிருந்தோ இரவல் வாங்கியது அல்ல. அவருடைய முன்னோரில் பாதிப்பேர் அதைச் சாப்பிட்டுத்தான் வளர்ந்தார்கள். தகப்பன்வழி முன்னோருக்கு இலை, தாய்வழி முன்னோருக்குச் சோறு. இரண்டு பக்கத்தையும் ஒரே படையலில் உட்காரவைக்கும் சடங்கு அது. கலப்புமணத்தில் பிறந்த பிள்ளைகளை எந்தப் பக்கம் சேர்ப்பது என்று இன்றைக்கும் சண்டை போடும் குடும்பங்கள் நம்மிடையே எத்தனை? பல நூறு வருடங்களுக்கு முன்பே அந்தச் சண்டையை இலை போட்டுத் தீர்த்துவைத்தவர்கள் இவர்கள்.

சித்திரை வாக்கில் முத்துமாரியம்மன் திருவிழா வரும். பத்து நாள் விழா. ஊரார் அதை டத்தோ சச்சார் என்று சொல்வார்கள். டத்தோ என்பது மலாயில் மதிப்புக்குரிய பெரியவர்களையும் காவல் தெய்வங்களையும் அழைக்கும் சொல், சச்சார் என்பது அம்மை. மாரியம்மன் அம்மைக்குரிய தெய்வம் என்று நம் கிராமங்களில் சொல்வதை அப்படியே மலாய் நாக்கில் சொன்னால் இதுதான் வரும். கொடியேற்றம், காவடி, தீச்சட்டி எல்லாம் உண்டு. அம்மன் தேர் காஜா பேராங்கிலிருந்து கிளம்பி நகரத்துக்குள் ஜாலான் துக்காங் எமாஸில் இருக்கும் விநாயகர் கோயிலுக்கு வந்து மறுபடி ஊர் திரும்பும்.

அந்த விநாயகர் கோயில் இருக்கும் தெருவைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் போக முடியாது. கோயிலைத் தாண்டிச் சில அடி வைத்தால் 1748இல் தொடங்கிய கம்போங் கிளிங் பள்ளிவாசல், இந்திய முஸ்லிம் வணிகர்கள் எழுப்பியது. இன்னும் கொஞ்சம் நடந்தால் 17ஆம் நூற்றாண்டிலிருந்து வழிபாடு நடக்கும் செங் ஹூன் தெங் சீனக் கோயில். சுற்றுலா வழிகாட்டிகள் இதை நல்லிணக்கத் தெரு என்று காட்டுகிறார்கள். 2008இல் மலாக்காவும் ஜார்ஜ் டவுனும் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்ததற்கு இப்படிப்பட்ட தெருக்களும் ஒரு காரணம்.

காகிதத்தில் எந்தக் கட்டம்

சரி, வீட்டிலும் கோயிலிலும் தங்களைப் பற்றி எந்தச் சந்தேகமும் இல்லாதவர்களுக்குச் சிக்கல் எங்கே வருகிறது? படிவத்தில் வருகிறது.

மலேசிய அரசமைப்புச் சட்டத்தின் 160ஆம் பிரிவு மலாய்க்காரர் யார் என்பதை வரையறுக்கிறது. இஸ்லாத்தைப் பின்பற்ற வேண்டும், வழக்கமாக மலாய் பேச வேண்டும், மலாய்ப் பழக்கவழக்கத்தை ஒட்டி நடக்க வேண்டும். பிறப்பு, வசிப்பிடம் பற்றிய நிபந்தனையும் உண்டு. ஒரு செட்டிப் பாட்டியை இந்த அளவுகோலுக்கு முன் நிறுத்திப் பாருங்கள். மலாய் பேசுகிறார், வேறு மொழியே பேசத் தெரியாது. உடையும் உணவும் பெரும்பாலும் மலாய் வழி. சமயம் ஒன்றால் மட்டும் அவர் அந்த வரையறைக்கு வெளியே நிற்கிறார். 153ஆம் பிரிவு மலாய்க்காரர்களுக்கும் சபா, சரவாக் பூர்வகுடிகளுக்கும் சிறப்பு நிலை தருகிறது. 1971இல் புதிய பொருளாதாரக் கொள்கை வந்த பிறகு பூமிபுத்ரா என்ற சொல் வேலை, கல்வி, முதலீடு எல்லாவற்றிலும் கனமான சொல்லாகிவிட்டது. மண்ணின் மைந்தர் என்பது அதன் பொருள். இந்த மண்ணில் 500 ஆண்டுக்கு மேல் இருந்தவர்கள் அந்தச் சொல்லுக்குள் வரவில்லை. அவர்கள் இந்தியர் என்ற கட்டத்தில் இருக்கிறார்கள்.

அதே மலாக்காவில் உஜோங் பாசிர் பக்கம் கிறிஸ்தாங் மக்கள் இருக்கிறார்கள். போர்த்துக்கீசியர் வழி வந்த கத்தோலிக்கர்கள், தங்களுக்கென ஒரு கலப்பு மொழி வைத்திருப்பவர்கள். 1980களில் அவர்களுக்குப் பூமிபுத்ராக்களுக்கான முதலீட்டுத் திட்டத்தில் சேர அனுமதி கிடைத்தது. செட்டிகளும் தங்களுக்கு அத்தகைய ஏற்பு வேண்டும் என்று கேட்டுவருகிறார்கள். இதில் என் நிலைப்பாட்டை ஒளிக்க விரும்பவில்லை. அந்தக் கோரிக்கை நியாயமானது. சலுகையைப் பற்றிய வாதத்தைக்கூட ஒதுக்கிவைக்கலாம். தங்கள் பெயரில் ஒரு கட்டம் இருக்க வேண்டும், பிறப்புச் சான்றிதழில் பிள்ளையின் இனம் என்ற இடத்தில் செட்டி என்று எழுதப்பட வேண்டும் என்று பெற்றோர் விரும்புவது என்ன பெரிய ஆசை?

சிங்கப்பூருக்குப் போனவர்களின் அனுபவம் இன்னொரு விதம். அங்கே சீனர், மலாய்க்காரர், இந்தியர், மற்றவர் என்று நான்கு பெட்டி. இந்தியர் பெட்டியில் விழும் பிள்ளைக்குத் தாய்மொழிப் பாடம் என்றால் தமிழோ வேறோர் இந்திய மொழியோ என்றுதான் பள்ளி நினைக்கும். வீட்டில் அந்தப் பிள்ளை பேசுவதோ மலாய். 2011இலிருந்து பெற்றோர் இருவரின் இனத்தையும் சேர்த்து எழுதிக்கொள்ள அங்கே வழி வந்தது. அது நல்ல மாற்றம்தான். ஆனால் இந்த நூற்றாண்டில் மணந்துகொண்ட தம்பதிக்கு அது பொருந்துகிற அளவுக்கு, 15ஆம் நூற்றாண்டில் மணந்துகொண்டவர்களின் வாரிசுக்குப் பொருந்துவதில்லை. 2018இல் சிங்கப்பூரின் இந்திய மரபுடைமை நிலையம் மலாக்கா செட்டிகளைப் பற்றித் தனிக் கண்காட்சி வைத்தது. தங்கள் பாட்டியின் கெபாயாவையும் படையல் பாத்திரத்தையும் நாட்டின் வரலாறாகக் கண்ணாடிக்குப் பின்னால் பார்ப்பது அந்தச் சமூகத்துக்குச் சிறிய காரியம் அல்ல.

நம் பக்கத்துக் கேள்வி

இப்போது என்னிடமே திரும்பி வருகிறேன். அரசின் கட்டங்களைக் குறை சொல்வது எளிது. "தமிழ் தெரியாதா?" என்று கேட்ட நானும் ஒரு கட்டம் போட்டவன்தானே.

மலேசியத் தமிழர் ஏன் இப்படிக் கேட்கிறோம் என்பதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. ரப்பர்த் தோட்டங்களில் கூலிகளாக வந்து இறங்கியபோது நம்மிடம் நிலம் இல்லை, பணம் இல்லை, பதவி இல்லை. இருந்தது மொழி. தோட்டத்துக் கொட்டகையில் தொடங்கிய பள்ளிகள்தான் இன்று 500க்கு மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகளாக நிற்கின்றன. "தமிழ்ப்பள்ளியே நமது தேர்வு" என்ற முழக்கத்தைக் கேட்டால் இப்போதும் எனக்குப் புல்லரிக்கும். மொழியைக் காப்பாற்றி அதன் மூலம் தன்னைக் காப்பாற்றிக்கொண்ட சமூகம் நாம். அதனால் மொழி இல்லாத ஒருவரைப் பார்த்தால் ஏதோ ஒன்றைத் தொலைத்துவிட்டவராகத்தான் நம் கண்ணுக்குத் தெரிகிறார்.

செட்டிகள் தொலைத்தவர்கள் என்று சொல்ல முடியுமா? அவர்களுடைய மூத்த தாய்களின் மொழியே மலாய். இருந்த இடத்தில் தாய்மொழியைப் பேசுகிறவரிடம் போய் ஏன் தாய்மொழியை விட்டீர்கள் என்று கேட்டவன் நான். தாய்வழியைக் கணக்கிலேயே எடுக்காமல், தகப்பன்வழியை மட்டும் வம்சம் என்று எண்ணும் நம் பழக்கம்தான் அந்தக் கேள்விக்குள் ஒளிந்திருந்தது. இது எனக்குப் புரியப் பல ஆண்டுகள் ஆயிற்று.

இதன் விளைவு வெறும் மனவருத்தத்தோடு நிற்பதில்லை. தமிழர்களோடு மணவுறவு கூடக்கூட, திருமணத்தில் கெபாயா போய்ச் சேலை வருகிறது, பழைய மலாய்ப் பாணித் தலைத்துணி போய் வேட்டி சட்டை வருகிறது. அதைக் குறை சொல்ல எனக்கு உரிமை இல்லை, விரும்பி ஏற்கிறவர்கள் ஏற்கட்டும். ஆனால், சரியான இந்து என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும் என்று வெளியிலிருந்து ஒருவர் சொல்லி, அதனால் ஒரு வீட்டில் பார்ச்சு இலை சுருங்கினால் அது நம்மால் நேர்ந்த இழப்பு. மறுபக்கம், இஸ்லாத்துக்கு மாறி மணந்தவர்கள் மலாய்ச் சமூகத்துக்குள் போய்விடுகிறார்கள். இரண்டு பெரிய கரைகளுக்கு நடுவில் இருக்கும் சிறு திட்டு இது. இரண்டு பக்கமும் அலை அடிக்கிறது.

ஊரும் ஊரைச் சுற்றி எழுவதும்

கம்போங் செட்டியைப் பாரம்பரியக் கிராமமாக மாநில அரசு ஏற்றிருக்கிறது. வாசலில் சிறிய அருங்காட்சியகம் இருக்கிறது. ஆனால் ஊரில் நிலையாக வாழும் குடும்பங்கள் குறைவு. படித்த பிள்ளைகள் வேலை இருக்கும் நகரங்களுக்குப் போய்விட்டார்கள், விழாவுக்கும் பார்ச்சுக்கும் திரும்பி வருகிறார்கள். 2010களில் ஊரை ஒட்டி உயரமான கட்டடங்கள் எழுப்பும் திட்டம் வந்தபோது ஊர்மக்கள் எதிர்த்து நின்றார்கள். வீட்டின் மேல் நிழல் விழும், மழைநீர் உள்ளே வரும் என்ற கவலைகள் இருந்தன. அதற்கெல்லாம் மேல், திரும்பி வருவதற்கு ஊர் இருக்குமா என்ற கவலை.

இந்தக் கடைசிக் கவலையை நான் மிகப் பெரியதாக எடுத்துக்கொள்கிறேன். சிதறிப்போன சமூகத்துக்கு ஒரு முகவரி வேண்டும். ஜொகூரில் வேலை பார்க்கும் செட்டி இளைஞருக்கு ஆண்டு முழுக்க அலுவலகத்தில் தன்னை விளக்கிக்கொண்டே இருக்க வேண்டியிருக்கும். பெயரைப் பார்த்து ஒருவர் தமிழில் பேசுவார், பேச்சைக் கேட்டு இன்னொருவர் மலாய்க்காரரா என்பார். இந்த விளக்கமே தேவைப்படாத ஓர் இடம் அவருக்கு ஆண்டுக்குச் சில நாளாவது வேண்டாமா? கம்போங் செட்டி அந்த இடம். அங்கே அவரை யாரும் நீ யார் என்று கேட்பதில்லை, யார் வீட்டுப் பிள்ளை என்றுதான் கேட்பார்கள்.

பக்கத்தில் பாபா நியோன்யாக்களைப் பாருங்கள். சீன வணிகர்களும் உள்ளூர்ப் பெண்களும் கலந்து உருவான அந்தச் சமூகத்தின் உணவும் உடையும் வீடுகளும் இன்று மலாக்காவின் முகமாகவே ஆகிவிட்டன. எண்ணிக்கையும் செல்வமும் அவர்களுக்குக் கைகொடுத்தன. செட்டிகளுக்கு இரண்டும் இல்லை. அதனால் மற்றவர் செய்யவேண்டிய பங்கு இங்கே அதிகம். மலேசியத் தமிழ் அமைப்புகள் கம்போங் செட்டிக்குத் தமிழ் வகுப்பு எடுக்கப் போவதைவிட, அங்கே உள்ள முதியவர்களின் மலாயை, அவர்கள் மாரியம்மனை அழைக்கும் சொற்களை, பார்ச்சுச் சமையல் முறைகளை ஒலியாகவும் எழுத்தாகவும் பதிந்துவைக்கலாம். தமிழ்ப்பள்ளி வரலாற்றுப் பாடத்தில் நம் குடியேற்றக் கதையை ரப்பர்த் தோட்டத்திலிருந்து தொடங்காமல் மலாக்காத் துறைமுகத்திலிருந்து தொடங்கலாம். தமிழ் படிக்க விரும்பும் செட்டி இளைஞர் வந்தால் மகிழ்ச்சியாகச் சொல்லிக்கொடுக்கலாம், வராதவரிடம் ஏன் வரவில்லை என்று கேட்க வேண்டாம்.

சில ஆண்டுகள் கழித்து மாரியம்மன் திருவிழாவுக்கு மறுபடி போனேன். தேர் ஊர் திரும்பிய நேரம், தெருவில் நல்ல கூட்டம். அர்ச்சகர் தமிழில் போற்றி சொன்னார். சுற்றி நின்றவர்கள் கை கூப்பியபடி தங்களுக்குள் மலாயில் வேண்டிக்கொண்டார்கள். அன்றைக்கு வழி சொன்ன அந்த அம்மாவைத் தேடினேன், தென்படவில்லை. வேறொரு வீட்டில் என்னை உட்காரவைத்துச் சாப்பிடச் சொன்னார்கள். இலையில் சோறும் மீன் பிண்டாங்கும் வந்தன. பரிமாறிய பெண்மணி என் முகத்தைப் பார்த்து, எந்த ஊர் என்று மலாயில் கேட்டார். தோட்டத்தின் பெயரைச் சொன்னேன். "அப்படியா, இப்ப அந்தத் தோட்டம் இருக்கா?" என்றார். இல்லை மாக்சிக், வித்துவிட்டார்கள், அங்கே வீடமைப்புத் திட்டம் வந்துவிட்டது என்றேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் இன்னும் ஒரு கரண்டி குழம்பு ஊற்றினார்.